எண்ணெய் விளக்கு செய்யப் போகிறீர்களா? முதலில் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள்

எண்ணெய் விளக்கைச் சொந்தமாகச் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் பாத்திரத்தைத்தான் முதலில் தேடுவார்கள். நல்ல பித்தளைக் கிண்ணம், அழகான மூக்கு, மேலே ஒரு கண்ணாடி, எல்லாம் கிடைத்துவிடும். ஏற்றினால் பத்து நிமிடம் ஜோராக எரியும். அப்புறம் சுடர் சுருங்கும், திரி நுனி சிவந்து கருகும், கொஞ்சம் புகைந்து அணைந்தே போகும். எட்டிப் பார்த்தால் கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றியபடியே இருக்கும்.

அந்தப் பத்து நிமிடம் எரிந்தது, ஏற்றும்போதே திரியில் ஊறியிருந்த எண்ணெய். அது தீர்ந்த பிறகு கீழிருந்து புதிதாக வர வேண்டியது, சுடர் கேட்கும் வேகத்தில் வரவில்லை. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: எண்ணெயின் மேல்மட்டத்துக்கும் சுடருக்கும் நடுவில் தூரம் அதிகம். விளக்கு செய்தவர்கள் ஆயிரக்கணக்கான வருடங்களாகக் காட்டிய சாமர்த்தியத்தில் பெரும்பங்கு இந்தத் தூரத்தைக் குறைவாகவும், எண்ணெய் செலவாகச் செலவாக மாறாமலும் வைப்பதற்கே போயிருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாத்திரத்தின் அழகைப் பற்றி ஒன்றுமே இருக்காது. மட்டம், திரி, காற்று, இந்த வரிசையில் போவோம்.

திரி என்ன செய்கிறது

எரிவது திரி இல்லை, எண்ணெயும் நேரடியாக எரிவதில்லை. சுடரின் சூட்டில் திரி நுனியில் உள்ள எண்ணெய் ஆவியாகிறது, அந்த ஆவிதான் காற்றோடு சேர்ந்து எரிகிறது. நுனியில் எண்ணெய் ஆவியாகிப் போகப் போக, பஞ்சு நார்களுக்கு இடையே உள்ள நுண்ணிய இடுக்குகள் வழியாக அடியிலிருந்து எண்ணெய் மேலே ஏறுகிறது. பள்ளிக்கூடத்தில் நுண்புழை ஏற்றம் என்று படித்த அதே சங்கதி.

இங்கே புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. தாவர எண்ணெய் திரியில் எவ்வளவு உயரம் ஏறும் என்று கணக்குப் போட்டால் 10, 15 செ.மீ. என்றெல்லாம் விடை வரும். இடுக்கின் ஆரம் 0.05 மி.மீ. என்று வைத்தால் ஏறக்குறைய 15 செ.மீ. அப்படியானால் உயரமான விளக்கு செய்யலாமே என்று தோன்றும். ஏறும் என்பது உண்மைதான், ஆனால் மிக மெதுவாக ஏறும். சுடருக்கு வேண்டியது, மணிக்கு இத்தனை மில்லி லிட்டர் என்ற வரத்து. தூரம் இரண்டு மடங்கானால் வரத்து பாதிக்கும் கீழே போய்விடும், ஏனென்றால் வழியும் நீளுகிறது, மேலே தூக்க வேண்டிய எடையும் கூடுகிறது. எண்ணெய் எவ்வளவு கெட்டியாக இருக்கிறதோ அந்த அளவுக்கு இன்னும் குறையும்.

படி 1: எண்ணெயை முடிவு செய்யுங்கள்

எந்த எண்ணெய் என்று முடிவு செய்யாமல் விளக்கை வடிவமைக்க முடியாது. அறை வெப்பத்தில் ஆலிவ், எள் போன்ற தாவர எண்ணெய்களின் பாகுத்தன்மை மண்ணெண்ணெயைப் போல முப்பது, நாற்பது மடங்கு. ஆமணக்கெண்ணெய் அவற்றையும்விடப் பத்து மடங்கு கெட்டி. அதனால்தான் மண்ணெண்ணெய் விளக்கில் அடியில் குடுவை, 10 செ.மீ. மேலே சுடர் என்று வைக்க முடிகிறது. அதே விளக்கில் தாவர எண்ணெயை ஊற்றினால் திரிதான் கருகும். நிறையப் பேர் இதைச் செய்துவிட்டு எண்ணெயில் கலப்படம் என்கிறார்கள்.

தொடங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை தாவர எண்ணெய்தான், பாதுகாப்புக்காக. ஆலிவ் எண்ணெயை 300 பாகை செல்சியஸ் தாண்டிச் சூடாக்கினால்தான் அதன் ஆவி தீப்பற்றும் அளவுக்கு வரும். விளக்கு கவிழ்ந்தாலும் பெரும்பாலும் சுடர் அணையும், எண்ணெய் சிந்தும், துடைக்கிற வேலை மிஞ்சும். மண்ணெண்ணெய்க்கு அந்த வெப்பநிலை 38 பாகை அளவிலேயே தொடங்கிவிடுகிறது. பெட்ரோல், சாராய வகை எரிபொருள்கள் இந்தப் பேச்சுக்கே வரக்கூடாது. திறந்த திரி விளக்கில் அவற்றை ஊற்றுவது வெடி வைப்பதற்குச் சமம், ஒரு துளி கலந்தாலும் கூடாது.

தாவர எண்ணெயிலும் எல்லாம் ஒன்றல்ல. தேங்காயெண்ணெய் நன்றாக எரியும், ஆனால் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும், குளிர்ந்த இடத்தில் இருப்பவர்கள் தள்ளி வைக்கலாம். ஆளி விதை எண்ணெய் காற்றில் பட்டால் பிசினாகி இறுகுகிற ரகம், திரியின் இடுக்குகளை அடைத்துவிடும். ஆமணக்கெண்ணெய் என்றால் சுடர் எண்ணெயைத் தொடும் தூரத்திலேயே இருக்க வேண்டும்.

படி 2: திரி

சாயம் போடாத பருத்தி, அவ்வளவு போதும். செயற்கை இழை கலந்திருந்தால் உருகி நுனியில் முடிச்சு விழும். துணியைக் கிழித்துத் திரிப்பதாக இருந்தால் கஞ்சியெல்லாம் போகத் துவைத்து, நன்றாகக் காய வைத்த பிறகு திரியுங்கள். ஈரம் இருந்தால் அந்த இடத்தில் எண்ணெய் ஏறாது, ஏற்றினதும் படபடவென்று வெடித்துத் தெறிக்கும்.

தடிமன் 3 முதல் 5 மி.மீ. வெளிச்சம் அதிகம் வேண்டும் என்று பருமனான திரி போடாதீர்கள். பருமனான திரியில் எண்ணெய் தாராளமாக வரும், ஆனால் சுடரின் நடுப்பகுதிக்குக் காற்று போகாது, புகைதான் வரும். அதே பஞ்சில் இரண்டு மெல்லிய திரிகள் செய்து தள்ளித் தள்ளி வைத்தால் வெளிச்சமும் கூடும், புகையும் குறையும்.

முறுக்கு விஷயத்தில் கை கொஞ்சம் பழக வேண்டும். இறுக்கி முறுக்கினால் இடுக்குகள் நசுங்கி எண்ணெய் திணறும், தளர விட்டால் நிற்காமல் சாயும். விரலால் கிள்ளினால் அமுங்கி, விட்டால் பழையபடி உப்ப வேண்டும், அந்தப் பதம்.

அடுத்தது தாங்கி. 1.5 மி.மீ. செம்புக் கம்பியை ஒரு பெரிய ஆணியின் மேல் ஆறேழு சுற்று சுற்றி உருவி எடுங்கள். மிச்சக் கம்பியைக் கீழே இறக்கி, நாலு செ.மீ. அகலத்துக்குத் தட்டையான சுருளாகச் சுற்றினால் அதுவே பாதம். திரியை மேலே உள்ள ஆறேழு சுற்றுச் சுருளுக்குள் நுழைத்து, வால் எண்ணெயில் கிடக்கும்படி விட்டு, நுனி 3 மி.மீ. மட்டும் வெளியே தெரிய வையுங்கள். சுருள் திரியை நெரிக்கக் கூடாது. செம்பு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: அது சுடரின் சூட்டைக் கொஞ்சம் கீழே எண்ணெய்க்குக் கொண்டுபோகிறது, சூடான எண்ணெய் நீர்த்து எளிதாக ஏறுகிறது. திமிங்கில எண்ணெய் விளக்குகளில் திரிக்குழாய்களைக் குடுவைக்குள் இறங்கும்படி நீட்டியே வைத்தது இந்தச் சூட்டுக்காகத்தான். டர்பன்டைனும் சாராயமும் கலந்து எரித்த 19-ஆம் நூற்றாண்டு விளக்குகளில் நேர்மாறாக, குழாய்கள் குடுவைக்குள் இறங்காது, மேலே நீளமாக, ஒன்றைவிட்டு ஒன்று விலகி நிற்கும். சூடு அந்த எரிபொருளை நெருங்கவே கூடாது. பழைய விளக்கு ஒன்று கையில் கிடைத்தால் குழாயைப் பார்த்தே உள்ளே என்ன ஊற்றினார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

படி 3: ஒரு தட்டு, ஒரு திரி, ஒரு தராசு

இந்தச் சோதனையைத் தாண்டிப் போக வேண்டாம், இதில்தான் முக்கால்வாசிப் பாடம் இருக்கிறது. கொஞ்சம் ஆழமான உலோகக் கிண்ணம் ஒன்றில் தாங்கியை வைத்து, சுருளின் மேல் விளிம்புக்கு 5 மி.மீ. கீழே வரை எண்ணெய் ஊற்றுங்கள். திரியை முதலிலேயே எண்ணெயில் முழுக நனைத்துவிடுங்கள், காய்ந்த திரியில் நெருப்பு வைத்தால் பஞ்சு எரிந்துபோகும். ஏற்றி, சுடர் நிதானத்துக்கு வந்ததும் கிண்ணத்தோடு சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி எடை. வித்தியாசம் உங்கள் விளக்கின் தீனி. நடுத்தர மெழுகுவத்தி மணிக்கு 5 முதல் 8 கிராம் மெழுகை எரிக்கிறது, மெல்லிய திரி அதைவிடக் கொஞ்சம் குறைவாகக் காட்டும்.

அப்புறம் எண்ணெயை இறைத்து 15 மி.மீ. இடைவெளியில் அதே சோதனை, பிறகு 30 மி.மீ. இடைவெளியில். முதல் அளவில் திரி நுனி ஈரமாகப் பளபளக்கும், சுடர் திரியை விட்டுச் சற்று விலகி நிற்பதுபோல் இருக்கும். மூன்றாவதில் சுடர் திரியோடு ஒட்டிக்கொண்டு குறுகும், நுனியில் சிவந்த பொறி உட்காரும். பொறி தெரிகிறது என்றால் அங்கே எண்ணெய் போதவில்லை, பஞ்சே எரிகிறது என்று அர்த்தம். எண்ணெய் தாராளமாக வரும்போது அது ஆவியாகும் வேலையிலேயே நுனியின் சூட்டை எடுத்துக்கொள்கிறது, பஞ்சு கருகும் அளவுக்குச் சூடேறுவதில்லை. திரியை அடிக்கடி தூண்டிவிட வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொள்கிறவர்கள் எண்ணெய் மட்டத்தை ஒரு செ.மீ. ஏற்றிப் பார்க்கட்டும், பாதித் தொல்லை போய்விடும்.

தாவர எண்ணெய்க்கு நான் வைத்துக்கொள்ளும் கணக்கு: எண்ணெய் மட்டத்திலிருந்து திரியின் வாய், அதாவது சுருளின் மேல் விளிம்பு, 1 செ.மீ., எந்த நிலையிலும் 2 செ.மீ. தாண்டக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. திரியைத் தட்டின் விளிம்பில் சாய்த்து வெளியே நீட்டி ஏற்றும் பழைய முறையில், வெளியே நீட்டிய பகுதி எண்ணெய் மட்டத்தைவிடக் கீழே தொங்கினால் எண்ணெய் தானாக இழுபட்டுச் சொட்டிக்கொண்டே இருக்கும், விளக்கு அணைந்த பிறகும். ஸ்காட்லாந்தின் குரூசி என்ற இரும்பு விளக்கில் அடியில் இன்னொரு தட்டு தொங்குவது இந்தச் சொட்டைப் பிடிக்கத்தான். 'பெட்டி' (Betty) என்று அழைக்கப்பட்ட விளக்கு இதைச் சுலபமாகத் தீர்த்தது: திரித்தாங்கியை விளிம்புக்கு உள்ளே வைத்தார்கள், வழிவது பாத்திரத்துக்கே திரும்பிப் போயிற்று. நீங்களும் தாங்கியை உள்ளேயே வையுங்கள்.

படி 4: மட்டம் இறங்காமல் இருக்க என்ன வழி

முதல் வழி, அகலம். திரி மணிக்கு 4.5 மி.லி. குடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5 செ.மீ. விட்டமுள்ள நேர்ச்சுவர்க் கிண்ணத்தில் மட்டம் மணிக்கு 2.3 மி.மீ. இறங்கும், நாலு மணி நேரத்தில் ஒரு செ.மீ. போயிற்று. 10 செ.மீ. விட்டமுள்ள கிண்ணத்தில் மணிக்கு 0.6 மி.மீ. கூட இறங்காது. விட்டம் இரண்டு மடங்கானால் இறக்கம் நாலில் ஒரு பங்கு. ஒரு மாலைப்பொழுதுக்கு விளக்கு வேண்டும், அவ்வளவுதான் என்றால் அகலமான, ஆழம் குறைந்த தட்டு போதும், இதற்கு மேல் எந்த வித்தையும் தேவையில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் வந்த ஆஸ்ட்ரல் விளக்கும் இதையேதான் செய்தது: எண்ணெய்க் கலத்தைச் சுடரைச் சுற்றி ஒரு வளையமாக அகட்டி வைத்தது, மட்டமும் மெல்ல இறங்கும், பக்கத்தில் கலத்தின் நிழலும் விழாது.

இரண்டாவது வழி, கவிழ்த்த குப்பி. கோழிகளுக்குத் தண்ணீர் வைக்கும் கவிழ்த்த பாத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள், அதே தத்துவம். குப்பியின் வாய் எண்ணெய்க்குள் முழுகியிருக்கும்வரை உள்ளே காற்று போகாது, எண்ணெயும் இறங்காது. மட்டம் வாய்க்குக் கீழே வந்ததும் ஒரு குமிழ் உள்ளே போகும், அதற்கு ஈடான எண்ணெய் வெளியே வரும். 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் பனூ மூசா சகோதரர்கள் தாமாக எண்ணெய் ஊட்டிக்கொள்ளும் விளக்குகளை எழுதி வைத்திருக்கிறார்கள், 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் கார்டானோ குப்பி விளக்கை விவரித்தார், அதற்குக் கார்டான் விளக்கு என்ற பெயரும் உண்டு.

மூன்றாவது, எண்ணெயைக் கீழே வைத்துக்கொண்டு மேலே தள்ளுவது. 1800-இல் பாரிஸ் கடிகாரக்காரர் கார்செல் விளக்கின் அடியில் கடிகார இயந்திரத்தையும் பம்பையும் வைத்தார். அது எரிவதைவிட அதிகமாகவே எண்ணெயைத் திரிக்கு அனுப்பும், மிச்சம் வழிந்து கீழே திரும்பும், திரி கருகாமல் பல மணி நேரம் நிற்கும். மணிக்கு 42 கிராம் கடுகின எண்ணெய் எரிக்கும் கார்செல் விளக்கின் ஒளியையே பிரான்சில் வெளிச்சத்தை அளக்கும் அலகாக வைத்துக்கொண்டார்கள் என்றால் அந்தச் சுடர் எவ்வளவு மாறாமல் நின்றிருக்கும் என்று பாருங்கள். விலையும் பராமரிப்பும் தாங்கவில்லை. 1830-களில் பிரான்ஷோ என்பவர், கடிகாரத்தைத் தூக்கிவிட்டுச் சுருள்வில்லும் தோல் பிஸ்டனும் வைத்தார். வில் புதிதாக முறுக்கியிருக்கும்போது அழுத்தம் அதிகம், தளரத் தளரக் குறையும், அப்படியானால் எண்ணெய் வரத்தும் மாறுமே? எண்ணெய் மேலேறும் குழாய்க்குள் கூம்பான ஒரு கம்பியை விட்டார். அழுத்தம் அதிகமாக இருக்கும்போது கம்பி குழாயை நன்றாக அடைக்கும், வில் தளர்ந்து பிஸ்டன் இறங்கும்போது கம்பியும் விலகி வழி விடும். மாடரேட்டர் விளக்கு என்று பெயர். எண்ணெய் விளக்கு வரலாற்றில் இதைவிட நேர்த்தியான தீர்வு வந்ததாக எனக்குத் தோன்றவில்லை, ஆனால் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், தோல் வளையம் ஒழுகும்.

கருவியே இல்லாத வழி ஒன்றும் உண்டு. ஆர்க்டிக் பகுதியின் இன்யூட் மக்கள் சோப்புக்கல் விளக்கின் மேல் கடல்நாய்க் கொழுப்புத் துண்டைத் தொங்கவிடுவார்கள். சுடரின் சூட்டில் கொழுப்பு உருகிச் சொட்டுச் சொட்டாகத் தட்டில் விழும், அதுவே அடுத்த தீனி.

படி 5: கவிழ்த்த குப்பி விளக்கு செய்வோம்

நீளவாக்கில் உள்ள உலோகத் தட்டு ஒன்று, உள்ளளவு சுமார் 15 செ.மீ. நீளம், 6 செ.மீ. அகலம், 3 செ.மீ. உயரச் சுவர். 150 மி.லி. கண்ணாடிக் குப்பி, வாய் 2 செ.மீ. அகலம். சுமார் 1 செ.மீ. தடிமனுள்ள மூன்று இரும்பு நட்டுகள். குப்பி சாயாமல் பிடித்துக்கொள்ள ஓர் இரும்பு வளையமும் காலும். ஏற்கெனவே செய்த செம்புத் தாங்கி.

அளவுகளைச் சும்மா சொல்லவில்லை. தட்டில் 1 செ.மீ. ஆழத்துக்கு எண்ணெய் என்றால் 90 மி.லி. குப்பி உடைந்தோ, வாய் தவறியோ உள்ளே இருப்பது முழுவதும் வந்துவிட்டால் 240. தட்டின் கொள்ளளவு 270. அதாவது எது நடந்தாலும் மேசைக்கு எண்ணெய் வராது, மட்டம் 2.7 செ.மீ. வரை ஏறித் திரி முழுகி அணைந்துவிடும். வேறு அளவில் செய்கிறவர்கள் இந்த ஒரு கணக்கை மட்டும் விடாதீர்கள்: குப்பி எண்ணெய் முழுவதும் தட்டின் மிச்ச இடத்தில் அடங்க வேண்டும்.

தட்டை மட்டமான இடத்தில் வையுங்கள். ஒரு பாகை சாய்வு இருந்தாலே 10 செ.மீ. தள்ளியிருக்கும் திரியிடத்தில் மட்டம் 1.7 மி.மீ. மாறும். ஒரு முனையில் மூன்று நட்டுகளை முக்கோணமாக வையுங்கள், மறுமுனையில் தாங்கி. எண்ணெயை நட்டுகள் முழுகும் அளவுக்கு, 1 செ.மீ., ஊற்றுங்கள். குப்பியை விளிம்பு வரை நிரப்பி, வாயை ஒரு கெட்டி அட்டையால் பொத்திக் கவிழ்த்து, நட்டுகளின் மேல் உட்கார வைத்து, அட்டையைப் பக்கவாட்டில் உருவிவிடுங்கள். முதல் தடவை கொஞ்சம் சிந்தும், கீழே பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் எண்ணெய் இறங்கி, ஒன்றிரண்டு குமிழ் போய், நின்றுவிட வேண்டும்.

நின்றதும் நெருப்பு வைக்காமல் ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் மட்டம் ஏறியிருந்தால் குப்பியில் எங்கோ விரிசல், காற்று போகிறது, வேறு குப்பி எடுங்கள்.

அப்புறம் ஒரு கரண்டி எண்ணெயைத் தட்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். உடனே குமிழ் போகாது. கெட்டி எண்ணெயில் குமிழ் வாயை விட்டு உடைந்து கிளம்பச் சிரமப்படும், மட்டம் சில மி.மீ. இறங்கிய பிறகு ஒரே பெரிய குமிழாக 'குபுக்' என்று போகும், சுடரும் ஒரு ஆட்டம் ஆடும். இதற்கு வைத்தியம், குப்பியை இம்மி சாய்ப்பது. ஒரு நட்டின் மேல் மெல்லிய வாஷர் ஒன்றை வைத்தால் வாயின் ஒரு பக்கம் சற்றே உயரும், காற்று அந்தப் பக்கமாகச் சின்னச் சின்னக் குமிழாக நுழையும். இனி மட்டம் நிற்கப்போவது அந்த உயர்ந்த விளிம்பின் அளவில்தான், தாங்கியின் உயரத்தை அதிலிருந்து 1 செ.மீ. மேலே திரியின் வாய் வரும்படி வளைத்துச் சரிசெய்யுங்கள்.

ஏற்றலாம். 150 மி.லி. தாராளமாக முப்பது மணி நேரத்துக்கு வரும், ஆனால் ஆள் இல்லாத இடத்தில், தூங்கும்போது, எரிய விடாதீர்கள்.

இந்த வடிவத்தின் பலவீனம் சூடு. குப்பி காலியாகக் காலியாக உள்ளே காற்று நிறைகிறது. அந்தக் காற்று 30 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடேறினால் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விரியும், விரிந்த அளவுக்கு எண்ணெயை வெளியே தள்ளும். நம் தட்டில் அது மோசமான நிலையிலும் 15 மி.லி., மட்டம் 1.7 மி.மீ. ஏறும், பெரிதாகத் தெரியாது. ஆனால் அகலத் தட்டுக்குப் பதில் குறுகிய குழாயும் சின்னக் கிண்ணமும் வைத்துச் செய்தவர்களுக்கு அதே 15 மி.லி. விளிம்பு தாண்டி வழியும். குப்பியைச் சுடருக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், வெயில் விழும் சன்னலிலும் வேண்டாம்.

குழாய் வைத்தே தீருவேன் என்றால் உள்விட்டம் 4 மி.மீ. குறையாமல் பாருங்கள். விட்டத்தைப் பாதியாக்கினால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும், தாவர எண்ணெய்க்கு அது பட்டினி.

காற்று

எண்ணெய் ஒழுங்காக வர ஆரம்பித்ததும் அடுத்த தடை காற்று. 1780 வாக்கில் ஜெனீவாக்காரர் ஆர்கான் செய்த மாற்றம் இதுதான்: தட்டைத் திரியைக் குழாயாக வளைத்து இரண்டு உலோகக் குழாய்களுக்கு நடுவில் நிறுத்தினார், சுடருக்கு உள்ளேயும் வெளியேயும் காற்று கிடைத்தது, மேலே கண்ணாடிக் குழாய் அந்தக் காற்றை வேகமாக இழுத்தது. ஒரே விளக்கில் பல மெழுகுவத்தி வெளிச்சம். எண்ணெய் ஊட்ட அவர் வைத்ததும் பக்கவாட்டில் ஒரு கவிழ்த்த குப்பிதான்.

நம் சின்ன விளக்குக்குக் கண்ணாடி கட்டாயம் இல்லை. வைப்பதாக இருந்தால் வெப்பம் தாங்கும் கண்ணாடிக் குழாயாக, அடியில் சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி விட்டு, தட்டுக்கு மேலே வளையத்தில் நிறுத்துங்கள். அடி அடைபட்டால் காற்று இழுக்காது, சுடர் திணறி, கண்ணாடி கரியாகும்.

மண்ணெண்ணெய்ப் பக்கம் போகிறவர்களுக்கு

மேலே சொன்ன திறந்த தட்டில் மண்ணெண்ணெய் கூடவே கூடாது. அதற்கு மூடிய குடுவை, திருகு பர்னர், தட்டைத் திரி. மண்ணெண்ணெய் நீர்த்திருப்பதால் குப்பியும் வேண்டாம், பம்பும் வேண்டாம், திரியே 10 செ.மீ. தாண்டி இழுத்துக்கொள்ளும். 1853-இல் மருந்தாளர் லூகாசியேவிச் இன்றைய உக்ரைனின் லிவிவ் நகரில் இந்த வகை விளக்கை ஏற்றிய பிறகு கார்செலும் மாடரேட்டரும் மெல்ல ஒதுங்கியதற்கு இந்த எளிமையும் ஒரு காரணம். பர்னரில் சின்னக் காற்றுத்துளை இருக்கும், அது அடைபட்டால் குடுவைக்குள் வெற்றிடம் உண்டாகி எண்ணெய் ஏறாது. எரியும்போது ஊற்றாதீர்கள். அணைக்கும்போது திரியை இறக்கிவிட்டு, கண்ணாடியின் மேல்வாய்க்குக் குறுக்கே ஊதுங்கள், உள்ளே நேராக ஊதினால் சுடர் குடுவைப் பக்கம் போகலாம்.

பெட்ரோமாக்ஸ் வேறு சாதி. அதில் மேலே ஏற்றும் திரியே இல்லை, காற்றழுத்தம் எண்ணெயைத் தள்ளுகிறது, சூடான குழாயில் அது ஆவியாகி மேன்டிலை ஒளிர வைக்கிறது. அதற்குத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

சுடர் சரியில்லையா

மெல்லச் சுருங்குகிறது என்றால், தட்டில் இரண்டு கரண்டி எண்ணெய் ஊற்றுங்கள். சில நிமிடத்தில் சுடர் நிமிர்ந்தால் குறை மட்டத்தில், குப்பியின் உயரத்தைப் பாருங்கள். நிமிரவில்லையா, திரி அடைத்திருக்கிறது, மாற்றுங்கள். இதில் ஊகத்துக்கே இடம் இல்லை.

புகைந்தால் திரி நீளம். நுனியைக் கிள்ளி 3 மி.மீ.க்குக் கொண்டுவாருங்கள், அப்போதும் புகைந்தால் திரி பருமன். படபடப்பு என்றால் எண்ணெயிலோ திரியிலோ தண்ணீர். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், தட்டின் அடியில் தங்கியிருக்கும், திரியின் வாலும் அங்கேதான் கிடக்கிறது. எண்ணெயை வடித்துவிட்டுத் தட்டைத் துடைத்துக் காய வையுங்கள்.

சுடர் சீரான இடைவெளியில் துள்ளினால் குமிழ் பெரிதாகப் போகிறது, வாஷரைச் சற்றுத் தடிமனாக மாற்றுங்கள். கண்டபடி ஆடினால் அறையில் காற்று, விளக்கை நகர்த்துங்கள். மூடிய அறையில் வேண்டாம், சன்னல் ஒன்று திறந்திருக்கட்டும்.

அணைப்பதற்குத் திரியின் வாய்மேல் கவிழ்க்கிற அளவில் சின்ன உலோகக் குப்பியோ மூடியோ கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஏற்றுவதற்கு முன்பே. தட்டு முழுவதும் பற்றிக்கொண்டால் மூட ஓர் அகலமான உலோகத் தட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூடான எண்ணெயின் அடியில் போய் ஆவியாகி நெருப்போடு மேலே வீசியடிக்கும். விளக்கு அணைந்த பிறகு குப்பியில் எண்ணெய் மிச்சம் இருந்தால் அதை எடுக்கவும் அதே அட்டைதான்: எண்ணெய்க்கு அடியில் வாயில் அட்டையைச் செருகி, பொத்திப் பிடித்தபடி நிமிர்த்துங்கள்.